அவள் எப்போது சோறாக்கினாள்? - நமது கதைகளில் மனநோயாளர்

இலங்கையில் சில ஊர்ப் பெயர்கள் ஊரைக் குறிப்பதை விட்டு வசவாக மாறிவிட்டன. கொழும்புக்கு அருகே அங்கொடை என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே கடைத்தெரு, பாடசாலை, பஸ் தரிப்பிடம் எல்லாம் உண்டு. சாதாரண மக்கள் சாதாரணமாக வாழ்கிறார்கள். ஆனால் பதுளைச் சந்தையில் ஒரு பையன் காரணமில்லாமல் சற்று உரக்கச் சிரித்துவிட்டால், "இவன அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" என்று சொல்லாமல் எமக்கு வாய் அடங்காது. 1926ஆம் ஆண்டு அங்கே மனநோய் வைத்தியசாலை அமைந்ததால் வந்த வினை இது. யாழ்ப்பாணத்தார் இதே காரியத்துக்கு மந்திகையைப் பயன்படுத்துவர். தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம். மலையாளிகளுக்கு ஊளம்பாறையும் குதிரைவட்டமும். அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் பெற்று வருடங்கள் பல கடந்துவிட்டன. வசவு மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது.

ஊவாவிலிருந்து பார்க்கும்போது இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. கொழும்பிலிருந்து புறப்படும் ரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் ஓடி வந்து பதுளையில் முடிகிறது. ஒரு காலத்தில் பசறையிலோ மடுல்சீமையிலோ ஒருவருக்கு மனம் பிசகிவிட்டால் அந்தத் தூரம் முழுவதும் அவரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கொண்டுபோய் விட்டவர்கள் அடுத்த ரயிலில் திரும்பினர். விடப்பட்டவர் திரும்புவது அருமை. இன்று நிலைமை அப்படியில்லை. 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைக்குப் பின்னர் சிகிச்சை மாவட்டங்களுக்கு இறங்கி வந்திருக்கிறது. பதுளையிலேயே கிளினிக் நடக்கிறது. மாதமொருமுறை கொப்பியோடு போய், மருந்தெடுத்துக்கொண்டு, பகல் பஸ்ஸில் வீடு திரும்புபவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாகியும் அந்தப் பகல் பஸ் எமது சிறுகதைகளுக்குள் வந்து சேரவில்லை. அவை இன்னமும் அங்கொடைக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இக்கட்டுரை அதைப் பற்றியது. நான் வைத்தியன் அல்லன். கிராமத்துப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பவன். மருத்துவம் பற்றிப் பேச எனக்கு அருகதையில்லை. கதையைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எமது கதைகளில் மனநோயாளர் குடியிருக்கும் இடம் கடைசிப் பந்தி. மாணவர் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்து வருடா வருடம் கட்டுக்கட்டாகக் கதைகள் வாசிக்கிறேன். நமது சஞ்சிகைகளில் வரும் பெரியவர்களின் கதைகளையும் விடுவதில்லை. பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே எழுதுவதால் இரண்டுக்கும் அதிக வேறுபாடில்லை. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன தாய் திரும்பி வருகிறாள், விமான நிலையத்தில் சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியாமல் சிரிக்கிறாள், கதை முடிகிறது. வட்டிக்குக் கொடுத்து ஊரை உறிஞ்சிய முதலாளி கடைசிக் காலத்தில் கடதாசித் துண்டுகளைக் காசென்று எண்ணியபடி தெருவில் திரிகிறார், கதை முடிகிறது. தோட்டத்துக் கதையானால், பெரிய துரையால் கெடுக்கப்பட்டவள் தேயிலை மலையில் பாட்டுப் பாடிக்கொண்டு அலைகிறாள்; அதோடு அதுவும் முடிகிறது. இவற்றில் பைத்தியம் ஒரு நோயாக வருவதேயில்லை. கெட்டவனுக்குக் கதாசிரியர் விதிக்கும் தண்டனையாக வருகிறது, அல்லது நல்லவளுக்காக வாசகர் அழுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்ட காட்சியாக வருகிறது. எப்படி முடிப்பதென்று தெரியாத கதைக்கு இதைவிட வசதியான தாழ்ப்பாள் கிடையாது.

நாம் எல்லோரும் ஓதும் பள்ளியில் கேட்ட ஒரு ஹதீஸ் உண்டு. மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவர் புத்தி பேதலித்தவர், அவர் தெளிவு பெறும்வரை. மலக்குகள் எழுதுவதை நிறுத்திவிடும் இடம் அது. நமது எழுத்தாளரின் பேனாவோ அந்த இடத்தில்தான் வேகமெடுக்கிறது! அந்த ஹதீஸின் பிற்பகுதியை யாரும் கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம். தெளிவு பெறும்வரை என்று அதில் ஒரு கால எல்லை இருக்கிறது. தெளிவு வரும், போகும், மீண்டும் வரும் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. எமது கதைகளில் ஒருமுறை பேதலித்தவர் பேதலித்தவரே.

இன்னொரு வகைக் கதைகள் உண்டு. அவை சீர்திருத்தக் கதைகள். ஒரு பெண்ணுக்கு ஜின் கூட்டம் என்று வீட்டார் நம்புகின்றனர். தாயத்துக்காரர் ஒருவர் வருகிறார். தண்ணீர் ஓதுகிறார், இஸ்மு எழுதுகிறார், காசு பிடுங்குகிறார். படித்த தம்பியோ இளம் மௌலவியோ வந்து அவருடைய பித்தலாட்டத்தை அம்பலப்படுத்துகிறார். நமது முற்போக்காளரும் எழுதியிருக்கின்றனர், தௌஹீத் சிந்தனை வழி வந்தோரும் எழுதியிருக்கின்றனர். இருசாரார் கதையிலும் ஒரே ஓட்டை. மந்திரவாதி ஊரைவிட்டு ஓடிய பிறகு அந்தப் பெண் என்னவானாள்? அவளுக்கு உண்மையிலேயே தூக்கமில்லையே, உண்மையிலேயே யாரோ பேசுவது கேட்கிறதே? கதை அவளை விட்டுவிட்டுத் தம்பியின் வெற்றிப் புன்னகையோடு நிறைவெய்துகிறது. நோய் என்பது மூடநம்பிக்கையை அடிக்கக் கிடைத்த பொல்லு. அடித்து முடிந்ததும் பொல்லைக் கீழே போட்டுவிடலாம்.

ஜின் என்றொரு படைப்பு உண்டென்பது எமது நம்பிக்கை. எல்லா நோயும் ஜின்னால் வருவதென்பது எமது நம்பிக்கையில் எங்குமில்லை. மஜ்னூன் என்ற சொல்லும் ஜின் என்ற சொல்லும் மறைத்தல் என்னும் ஒரே வேரிலிருந்து வந்தவை. குறைஷிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது வீசிய சொற்களில் ஒன்று மஜ்னூன். எழுதுகோலின் பெயரால் அமைந்த 'கலம்' அத்தியாயம் தொடக்கத்திலேயே அதை மறுக்கிறது. ஒரு மனிதரின் பேச்சைக் கேட்காமலிருக்க அவரைப் பைத்தியம் என்று சொன்னால் போதும் என்ற தந்திரம் அத்தனை பழையது. அதே அறபு உலகில் பக்தாதிலும் டமஸ்கஸிலும் கெய்ரோவிலும் இருந்த மாரிஸ்தான்களில் மனநோயாளருக்கும் இடம் ஒதுக்கிப் பராமரித்தனர். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலுக்குள் வைத்து எழுதினார். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. எமது மேடைகளில் பழம்பெருமைக்குக் குறைவில்லை. அழுதழுது பார்வை இழந்த யஃகூப் நபியின் (அலை) வரலாற்றை ஓதுகின்ற சமூகம், தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆறு மாதம் தொடர்ந்து அழுதால் "ஈமான் பலவீனம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்குள் நடப்பது ஒரு கதை. அதை எவரும் எழுதவில்லை.

தண்டனையுமில்லை, ஜின்னுமில்லை என்றால் மூன்றாவதாக ஒரு வழி வைத்திருக்கிறோம். அவரை வலியாக்கிவிடுவது. உலகைத் துறந்து திரிந்த சுல்தான் அப்துல் காதிரை (1792-1838) மக்கள் மஸ்தான் என்றனர். குணங்குடி மஸ்தான் சாஹிபுவின் பாடல்கள் தமிழுக்குக் கிடைத்தன. அது பெரும் பேறு. ஆனால் அதற்குப் பிறகு நமது கதைகளில் தெருவோரம் கந்தலோடு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஞானம் பேசத் தொடங்கிவிட்டனர். ஊருக்கு வரப்போகும் வெள்ளத்தை அவர்தான் முன்கூட்டியே சொல்வார். அரசியல்வாதியை அவர்தான் முகத்துக்கு நேரே ஏசுவார். தோட்டத்துக் கதைகளில் இதே வேலையைக் கோடாங்கியும் சாமியாடியும் செய்கின்றனர். மரியாதையான வழிதான், மறுக்கவில்லை. எனினும் குளிர்காலத்தில் அப்புத்தளைப் பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் ஒருவருக்குப் போர்வை கிடைத்ததா என்று அந்தக் கதைகள் கேட்பதில்லை. ஞானிக்குக் குளிராது போலும்.

2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர்கள் தப்ப முடியாமல் எரிந்தனர். இறந்தவர் தொகை 28. கடல் கடந்து ஏர்வாடிக்கு நேர்ச்சை வைத்துப் போய் வருவோர் எமது ஊர்களிலும் உண்டு. ஆகவே அது எமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. அதன்பின் அந்தச் சங்கிலி கவிதைகளுக்குள் புகுந்தது. எனக்கு வாசிக்கக் கிடைத்தவற்றில் அது பெரும்பாலும் உவமையாகவே வந்தது: சமூகத்தின் சங்கிலி, பெண்ணின் சங்கிலி, சிந்தனையின் சங்கிலி. கணுக்காலில் புண் ஏற்படுத்திய இரும்புச் சங்கிலியை, அதை வாங்கி வந்த அண்ணனை, அவனுக்கு வேறு வழி தெரியாதிருந்ததை எழுதிய கவிதை எனக்கு இன்னும் கிட்டவில்லை. எங்காவது வந்திருந்தால் வாசகர்கள் அறியத் தரட்டும்.

இனிச் சொல்லப்போவது என் வீட்டு விடயம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கு மூத்த சகோதரி ஒருவர் இருக்கிறார். நாங்கள் தாத்தா என்போம். அவர் மருந்தெடுக்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடங்களாகின்றன. வீட்டில் இருந்துகொண்டே தையல் வேலை செய்கிறார். யாரோ பேசுவது அவருக்குக் கேட்கும். அடுத்த வீட்டு ரேடியோ போல, சில நாள் சத்தமாக, சில நாள் மெதுவாக. மெதுவாகக் கேட்கும் நாட்களில் அதைப் பொருட்படுத்தாமல் தைப்பார். சத்தமான நாட்களில் மெஷினை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். மருந்தினால் கை சற்று நடுங்குவதால் ஊசியில் நூல் கோப்பது கஷ்டம். பாடசாலைக்குப் புறப்படுமுன் மகள் பத்து ஊசிகளில் நூல் கோத்து ஒரு துணியில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். மாலை வரைக்கும் அது காணும். பெருநாள் வந்தால் இருபது.

நான் வீட்டுக்குக் கொண்டுவரும் சஞ்சிகைகளை எல்லாம் அவர் வாசிப்பார். அப்படி ஒருநாள், எங்கள் பகுதி எழுத்தாளர் ஒருவரின் கதை அவர் கைக்குக் கிடைத்தது. கதாசிரியரின் பெயர் இங்கே தேவையில்லை. நல்லவர், எங்கள் தெருவை அறிந்தவர். கதையில் ஒரு தையல்காரி. நள்ளிரவில் சிரிக்கிறாள், தைத்த துணியைத் தானே கிழிக்கிறாள், விரித்த தலையோடு மழைக்குள் தேயிலைப் பற்றைகளை நோக்கி ஓடுகிறாள். மொழி நடை அருமை. மழை வர்ணனையை நானே வகுப்பில் வாசித்துக் காட்டலாம். தாத்தா அதை முழுதாக வாசித்தார். அது யாருடைய கதை என்று அவருக்கு விளங்காமலில்லை. சஞ்சிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "கத நல்லாத்தான் ஈக்குது. ஆனா இவ எப்ப சோறாக்கின? புள்ளக்கி எப்ப தல வாரின? அதொண்டும் இல்லயே."

நான் ஆசிரியர் கலாசாலையில் இலக்கியத் திறனாய்வு படித்தவன். பாத்திர வார்ப்பு, முரண், உச்சம் என்று குறிப்புக் கொப்பி நிறைய எழுதியவன். இந்தக் கேள்விக்கு முன்னால் அந்தக் கொப்பியில் பதில் தேடினேன், கிடைக்கவில்லை. மனநோயாளரைப் பற்றிய எந்தக் கதையையும் இப்போது இந்தக் கேள்வியை வைத்தே வாசிக்கிறேன். இவள் எப்போது சோறாக்கினாள்? ஆக்காத நாட்களில் யார் ஆக்கினார்கள்? அவளுக்குப் பிடித்த கறி என்ன? கிளினிக் நாளுக்குக் கையிலெடுத்த பஸ் காசு யாருடையது? ஒரு கதை இவையனைத்தையும் சொல்ல வேண்டுமென்பதில்லை. கதாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எழுதினால் வாசகருக்கு, அதிலும் அந்த நோயோடு வாழும் வாசகருக்கு, உடனே தெரிந்துவிடும். அவர்களும் வாசிக்கிறார்கள் என்ற நினைப்பே நமது எழுத்தில் இல்லை. நமது கதைகள் எப்போதும் "தெளிவான" ஒருவர் இன்னொரு "தெளிவானவருக்கு" மூன்றாமவரைப் பற்றிச் சொல்லும் கதைகள்.

மருந்து குடித்துச் சாகும் முடிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். (இங்கே "மருந்து" என்றால் பூச்சிநாசினி, மலைநாட்டில் அப்படித்தான் சொல்வோம், அந்தச் சொல்லே ஒரு கொடுமை.) எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எத்தனையோ கதைகளில் அதுவே இறுதி. விதி, வறுமை, சீதனம், சமூகம் எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணை வேறு வழியில்லாத இடத்துக்குத் தள்ளிவிட்டன என்று கதை சொல்லும். 1995இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதே காலத்தில் மிகக் கொடிய பூச்சிநாசினிகள் தடை செய்யப்பட்டன. 1998இல் இன்னொன்றும், 2008க்கும் 2011க்கும் இடையில் வேறு சிலவும் தடைக்குள்ளாயின. இருபது வருடங்களில் விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் வீழ்ந்தது. அந்த இருபது வருடத்தில் வறுமை ஒழிந்துவிடவில்லை, சீதனம் ஒழிந்துவிடவில்லை, யுத்தமும் சுனாமியும் இடையில் வந்து போயின. அப்படியானால் கதைகள் விதி என்று வர்ணித்தது எதை? அந்த ஒரு மணி நேரம் கடந்து போயிருந்தால் ஆயிரமாயிரம் பேர் வாழ்ந்திருப்பர், வாழ்கின்றனர் என்பதல்லவா இதன் பொருள்? இது ஒரு புள்ளிவிபரமாக மட்டும் எனக்குப் படவில்லை. எமது துன்பியல் முடிவுகளின் மீது வைக்கப்பட்ட விமர்சனமாகவே படுகிறது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப் பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. பிழைத்தவர் வழக்குக்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. பிழைத்தவரை நாயகியாகக் கொண்ட கதையை நாம் எப்போது எழுதப் போகிறோம்?

எழுத முடியுமா என்று கேட்போருக்கு நான் காட்டும் உதாரணம் பஷீர். வைக்கம் முகம்மது பஷீரை (1908-1994) நமது இலக்கிய வட்டத்தில் அறியாதவர் இல்லை. உப்பப்பாவின் ஆனையையும் மதில்களையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்ற செய்தியை மட்டும், பெரிய மனிதரின் குறையைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். அவர் தாழ்த்தவில்லை. 1954இல் திருச்சூரில் வைத்தியர் ஒருவரிடம் சிகிச்சையிலிருந்த காலத்தில் எழுதிய 'பாத்துமாவின் ஆடு' 1959இல் நூலாக வந்தபோது, பைத்தியத்துக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்த போது எழுதியது என்பதை முன்னுரையிலேயே எழுதிவிட்டார். எழுதியதைத் திருத்தவுமில்லை.

அந்த நூலில் என்ன இருக்கிறது? தனிமையும் அமைதியும் வேண்டி வீட்டுக்கு வரும் ஓர் எழுத்தாளன். வீட்டில் உம்மா, தம்பிமார், தங்கைமார், மருமக்கள், கோழி, பூனை, எலி. எல்லோருக்கும் அவனிடம் காசு வேண்டும். தங்கை பாத்துமாவின் ஆடு எதையும் தின்னும். அவனுடைய 'பால்யகால சகி'யையும் 'சப்தங்கள்' நாவலையும் தின்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவன், ஆடு விலையுயர்ந்த கம்பளிக்கு வாய் வைக்கும்போதுதான் எழுந்து ஓடுகிறான். புத்தகத்துக்கு வேறு பிரதி உண்டு, கம்பளிக்கு இல்லை. இதை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். சிரித்து முடிந்த பிறகு, இதை எழுதியவர் அப்போது எங்கிருந்தார் என்று சொல்வேன். வகுப்பு அமைதியாகும். பிறகு ஒரு பிள்ளை கேட்கும், "அப்ப அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்ததா சேர்?"

எல்லாம் ஞாபகம் இருந்தது. கடன் யார் யாருக்கு எவ்வளவு என்பது உட்பட. பஷீரின் மகத்துவம் அதில் இருக்கிறது. நூலுக்குள் பைத்தியம் பற்றிப் பேச்சில்லை. ஆனால் நோயுற்ற ஒரு மனிதன் விட்டுவந்த, திரும்பிப் போக விரும்புகிற, இரைச்சல் தாங்காத, இரைச்சல் இல்லாமலும் வாழ முடியாத ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் நாள்தோறும் சோறாக்கப்படுகிறது. யார் எத்தனை கவளம் சாப்பிட்டார் என்பதில் சண்டை வருகிறது. தாத்தாவுக்கு நான் அதை வாசிக்கக் கொடுத்தபோது இரண்டு நாளில் முடித்துவிட்டு, "இவரு நம்மட ஆள்" என்றார். முஸ்லிம் என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை.

தமிழிலும் ஒருவர் இருந்தார். கோபிகிருஷ்ணன் (1945-2003). உளவியல் படித்தவர், மனநோயாளர் மத்தியில் பணியாற்றியவர், தானும் அந்த வேதனையை அறிந்தவர். அவருடைய 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நோயாளர்களுக்கே பேச இடம் கொடுத்த நூல். செகாவின் 'ஆறாவது வார்டு' (1892) நமது முற்போக்கு மூத்தோர் எல்லோரும் வாசித்த கதை. வைத்தியரே அந்த வார்டுக்குள் பூட்டப்படும்போதுதான் அவருக்கு அந்த அறையின் நாற்றம் உறைக்கிறது. செகாவைப் படித்துச் சமூக நீதி கற்றோம். அந்த நாற்றத்தைக் கற்கவில்லை.

மலைநாட்டுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. வடக்கில் யுத்தம் தந்த துயரத்துக்கு ஒரு சொற்களஞ்சியமும் வந்து சேர்ந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் தமிழிலேயே எழுதினர். மனவடு என்ற சொல் வைத்தியசாலையிலிருந்து கவிதைக்கு வந்தது. இங்கே எமது துயரம் ஒரே நாளில் குண்டாக விழுவதில்லை. மழையாகப் பெய்கிறது. ஹாலி-எலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப் தனது 'மீன்கள்' கதையில், லயத்து ஒற்றைக் காம்பராவின் இடநெருக்கடி ஒரு குடும்பத் தலைவனை எத்தகைய வெட்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று காட்டினார். அந்தக் காம்பராவில் நோயுற்ற ஒரு மனம் எங்கே போய்ப் படுக்கும்? கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறையில்லை. இரவில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தால் ஆறு பேர் விழிக்கின்றனர். ஜோசப் திறந்த அந்தக் கதவுக்குள் அடுத்து நுழைய வேண்டியவர்கள் நாம்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. எஞ்சியவர்கள் நீண்ட காலம் பூனாகலையில் தொழிற்சாலைக் கட்டிடமொன்றில் தங்க வைக்கப்பட்டனர். கவிதைகள் வந்தன, நானும் வாசித்தேன். எல்லாம் மண்ணையும் பிணத்தையும் பாடின. இரண்டு மழைக்காலம் கழித்து, மழைச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை எழுப்பி வாசலில் நிறுத்தி வைக்கும் தாய்மாரைப் பற்றி எழுதுவதற்குள் சஞ்சிகைகள் வேறு விடயத்துக்குப் போய்விட்டன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு பதுளை மலைகள் மறுபடி சரிந்தன. மறுபடியும் மண்ணைப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

சொல் இல்லை என்பது சிறிய பிரச்சினையல்ல. எமது மக்கள் "மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. நெஞ்சு அடைக்குது, ஈரல் பதறுது, தல எரியுது, கல்பு இருண்டுபோச்சு என்பார்கள். கேட்கும் வைத்தியருக்குப் பெரும்பாலும் சிங்களம். நடுவில் நின்று மொழிபெயர்ப்பது பாடசாலைப் பிள்ளை. நெஞ்சு அடைக்கிறதென்றால் இருதயப் பரிசோதனைக்கு அனுப்பப்படலாம். இந்தச் சொற்களைச் சேர்த்து, அவற்றின் பொருளைப் பாதுகாத்து வைப்பது படைப்பாளியின் தொழில். பாடப்புத்தகத்தில் உள்ள மாஸ்லோவின் கூம்பகத்தை நான் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் "கல்பு இருண்டுபோச்சு" என்பதை அதன் எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியவில்லை.

கடந்த வருடப் போட்டிக் கட்டில் ஒரு கதை இருந்தது. தோட்டப் பாடசாலையொன்றில் பத்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை எழுதியது. தகப்பனுக்குக் கிளினிக் நாள். தாய் அன்று அரைப்பேராவது போட வேண்டுமென்று மலைக்குப் போய்விட்டதால் மகள் பாடசாலைக்குப் போகாமல் தகப்பனைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போகிறாள். பஸ்ஸில் தெரிந்தவர் ஏறியதும் தகப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கிளினிக்கில் என்ன செய்கிறதென்று கேட்கிறார்கள். "ஒடம்பு பூராவும் அலுப்பா இருக்கு" என்கிறார். அலுப்புக்குச் சிங்களம் அவளுக்குத் தெரியவில்லை. "மஹன்சி" என்று சொல்லிவிடுகிறாள். களைப்பு என்று கொப்பியில் எழுதப்படுகிறது. திரும்பும்போது கடையொன்றில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். தகப்பன் மடியை அவிழ்த்துக் காசை எண்ணி அவளுக்கு ஒரு பணிஸ் வாங்கித் தருகிறார், தனக்கு வாங்கவில்லை. அவள் பாதியைப் பிய்த்து நீட்டுகிறாள். வாங்கிச் சாப்பிடுகிறார். பஸ் வருகிறது.

கதை அவ்வளவுதான். எழுத்துப் பிழைகள் பதினொன்று. ழகரம் வேண்டிய இடத்தில் லகரம். நடுவர்கள் மூவரில் இருவர் "நல்ல தொடக்கம், ஆனால் கதைக்கு முடிவில்லை" என்று குறித்திருந்தனர். அவர்களோடு அரை மணி நேரம் வாதாடினேன். தகப்பன் கடைசியில் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்திருந்தால் முதலிடம் கொடுத்திருப்பீர்களா என்றும் கேட்டேன், சிரித்தார்கள். மூன்றாமிடம் கிடைத்தது, கதை வலயத்தோடு நின்றுவிட்டது. பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளையும் தாய் தகப்பனும் சம்மதித்தால், பெயரும் தோட்டமும் இல்லாமல், அடுத்த இதழுக்கு அனுப்பிவைக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்துவேன். முடிவில் கை வைக்க மாட்டேன்.